அயல்நாட்டில் அளவறிந்த செலவு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் பெரியோர்கள். அந்நிய நாட்டுக்குச் செல்பவர்கள் இப்பழமொழியை மறக்கலாகாது என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் ஒரு நிகழ்ச்சியால் உணர்ந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் பொறியியல் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குச் சென்றாள். வங்கிக் கடன் போதாமல், அவளுடைய தாயார் சீட்டுப் பணத்தையும் எடுத்து, நகையையும் அடகு வைத்தார். துடியலூரே திரண்டு வந்து வழியனுப்பியது போல் இருந்தது. ஆனால் மூன்றாம் வாரம் வகுப்பறையிலேயே அவள் மயங்கி விழுந்தாள் என்ற செய்தி வந்தது. காரணம் நோய் அல்ல, பசி! ஒரு ரொட்டியின் விலையைக் கண்டாலும் உடனே அதை ரூபாயாக்கிப் பார்ப்பாளாம். "இந்தக் காசுக்கு நம் சந்தையில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாமே" என்று எண்ணி, வாங்காமலே திரும்பி விடுவாளாம்.

இதைக் கேட்ட எங்கள் கணித ஆசிரியையான சகோதரி, "சிக்கனம் வேறு, பட்டினி வேறு. காந்தியடிகள் லண்டனில் எப்படிச் செலவு செய்தார் என்று படித்துப் பாருங்கள்" என்றார். நாங்களும் நூலகத்தில் 'சத்திய சோதனை'யைத் தேடி எடுத்துப் படித்தோம்.

1888-ஆம் ஆண்டு சட்டம் பயில லண்டன் சென்ற காந்தியடிகள் முதலில் தங்கியது ஒரு பெரிய ஓட்டலில். அங்கு அவர் கொடுக்க நேர்ந்த தொகை மூன்று பவுண்டு. அதைக் கண்டு அவர் திடுக்கிட்டுப் போனார். சைவ உணவு சரியாகக் கிடைக்காததால் அரைப்பட்டினியாகவும் இருந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் வயிறார உண்டார். பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்குமுன் கணக்கை நேர்செய்வது அவர் வழக்கம். பின்னர் சிறிய அறைக்கு மாறினார். நாள்தோறும் எட்டு, பத்து மைல் நடந்தார். அது நம் துடியலூரிலிருந்து காந்திபுரம் செல்வதைவிடக் கூடுதல் தூரம். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சிக் கொண்டார். பகலில் வெளியில் உண்டு, இரவில் ரொட்டியும் கோக்கோவும் சாப்பிட்டார். இவ்வாறு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ்ந்தார்.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆகவே மூன்று பவுண்டு என்பது 720 பென்ஸ். அதை 15 பென்ஸால் வகுத்தால் 48 வருகிறது. ஓட்டலுக்குக் கொடுத்த பணத்தில் 48 நாட்கள் வாழ்ந்திருக்கலாம்! அதுவும் பட்டினி கிடக்காமல்!

இம்முறையை ஜெர்மனிக்கும் பொருத்திப் பார்ப்போம். அங்கே படிக்கச் செல்பவர் ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோ என உயர்த்தப்பட்டது. அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம். முதலில் வாடகை, மருத்துவக் காப்பீடு, பயணச் சீட்டு ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். மீதி 360 யூரோ என்று வைத்துக் கொண்டால், நாளொன்றுக்கு 12 யூரோ. அதற்குள் செலவு செய்தால் அச்சமில்லை. ஒவ்வொரு பொருளையும் ரூபாயாக மாற்றிக் கலங்கவும் தேவையில்லை.

மிச்சம் பிடிக்கவும் வழிகள் உண்டு. பல்கலைக்கழக உணவு விடுதியில் மாணவர்களுக்குக் குறைந்த விலையில் உணவு கிடைக்கும். அரிசியும் பருப்பும் வாங்கிச் சமைத்தால் இன்னும் மலிவு. அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் பானம் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அக்காசு நம் கைக்கு வந்துவிடும்.

சில நாட்களே சுற்றிப் பார்க்கச் செல்பவர்களுக்கும் இவை பொருந்தும். விமான நிலையத்தில் பணம் மாற்றினால் பெரும்பாலும் நட்டமே. தேவையான சிறு தொகையை ஊரிலேயே மாற்றிக் கொள்வது நல்லது. கடையில் அட்டையைக் கொடுக்கும்போது "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?" என்று இயந்திரம் கேட்டால், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாய் என்றால் கூடுதலாகப் பிடித்துக் கொள்வார்கள்.

இவற்றையெல்லாம் நாங்கள் ஒரு தாளில் எழுதி அந்த அக்காளுக்கு அனுப்பினோம். இப்போது அவள் தினமும் இரவில் கணக்கு எழுதுகிறாள். முதல் மாத முடிவில் 31 யூரோ மிச்சம் என்று தொலைபேசியில் பெருமையோடு சொன்னாள். அவள் தாயார் கேட்டதோ வேறு: "கணக்கு கெடக்கட்டும் கண்ணு, வயித்துக்குச் சாப்பிட்டியா?" "சாப்பிட்டேனுங்கம்மா. சாப்பாடும் கணக்குலதான் இருக்குது" என்றாள் அவள்.

அன்புத் தோழியரே! நம்மில் பலர் நாளை கடல் கடந்து செல்லக்கூடும். கணக்கு எழுதுவது கருமித்தனம் அன்று. எதைச் செலவு செய்யலாம் என்ற துணிவை அது தருகிறது. அயலூர் சென்றுதான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில், நம் பஸ் செலவிலிருந்தே தொடங்குவோமாக!