கரியமில வாயுவும் கடல் நீரும்

நெடுநாள் இறைக்கப்படாத பாழுங் கிணற்றில் இறங்குமுன், எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். விளக்கு அணைந்துவிட்டால் எவரும் இறங்கத் துணியார். பிராண வாயு குறைந்து, கரியமில வாயு அடியில் தேங்கியிருப்பதே அதற்குக் காரணம். நாம் விடும் மூச்சிலும் அடுப்புப் புகையிலும் உள்ள இவ்வாயு, நிலக்கரியும் பெட்ரோலும் எரியும்போது ஏராளமாக உண்டாகிறது.

யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன், காற்றின் பத்து லட்சம் பங்கில் இவ்வாயு ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌன லோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்னும் விஞ்ஞானி 1958-ஆம் ஆண்டில் அளக்கத் தொடங்கியபோது, அது ஏறத்தாழ 315 பங்காயிருந்தது. 2024-ஆம் ஆண்டில் 420 பங்கையும் கடந்துவிட்டது. மனிதர் வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. இல்லையேல் இவ்வுயர்வு இன்னும் மிகுந்திருக்கும்.

கடல் இதனை எவ்வாறு ஏற்கிறது? சோடாப் புட்டியை நினைத்துப் பார்ப்போம். அதில் அழுத்திக் கரைக்கப்பட்டிருப்பது இதே வாயுதான். புட்டியைத் திறந்து அழுத்தம் குறைந்ததும் அது பொங்கி வெளியேறுகிறது. அவ்வாறே கடலின் மேற்பரப்பிலும், காற்றில் இவ்வாயுவின் அழுத்தம் மிகுந்தால் அது நீருக்குள் செல்லும். நீரில் மிகுந்தால் வெளியேறும். குளிர்ந்த நீர் அதிகமாகவும், வெம்மையான நீர் குறைவாகவும் இதனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்.

கரைவது மட்டுமே நிகழுமாயின், மேல்நீர் விரைவில் நிறைந்துவிடும். ஆனால் கரைந்த வாயு நீருடன் சேர்ந்து மென்மையான ஓர் அமிலமாகிறது. கடல் நீரில் கார்பனேட் என்னும் பொருள் கரைந்துள்ளது. அமிலம் அதனுடன் கூடிப் பைகார்பனேட்டாக மாறுகிறது. அவ்வடிவில் அது காற்றுக்குத் திரும்ப இயலாது. களத்து நெல்லைக் குதிரில் சேர்த்தபின் களத்தில் மீண்டும் இடம் உண்டாவதைப் போல, மேலும் வாயுவை ஏற்க நீரில் இடம் கிடைக்கிறது. கடலில் கரைந்துள்ள கரியில் 100-க்கு ஏறத்தாழ 90 பங்கு பைகார்பனேட்டாகவே உள்ளது. வாயுவாக இருப்பது 1 பங்கு அளவே. கிரீன்லாந்தை அடுத்த கடல்களில் குளிர்ந்து கனத்த நீர் ஆழத்திற்கு இறங்கி, இக்கரியைப் பல நூற்றாண்டுகள் அங்கே வைத்திருக்கிறது.

எனினும் இவ்வேற்பு செலவின்றி நடப்பதன்று. செலவாவது கார்பனேட். நாம் வெள்ளையடிக்கும் சுண்ணாம்புக்கு ஆதாரமான கிளிஞ்சலைக் கடற்பிராணிகள் கட்டுவதற்கு அப்பொருளே தேவை. மண் பரிசோதனையில் நாம் காணும் கார அமில நிலை கடலுக்கும் உண்டு. அது ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியுள்ளது. மாறுதல் சிறிதாகத் தோன்றினும், அமிலத் தன்மை நூற்றுக்குச் சுமார் 30 பங்கு கூடியதாகப் பொருள். கடல் இன்னும் காரமாகவே உள்ளது. ஆயினும் அது செல்லும் திசை நன்றன்று.

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் 2007-ஆம் ஆண்டையொட்டி, சிப்பிக் குஞ்சுகள் பொரிப்பகத்தில் பெருமளவில் மடிந்தன. ஆழத்திலிருந்து மேலெழுந்த, கரியமில வாயு மிகுந்த நீரில் அவற்றால் ஓடு கட்ட இயலவில்லை. நீரைச் சோதித்துக் காரணத்தை அறிந்த பின், சலவைச் சோடாவைச் சேர்த்துக் குஞ்சுகளைக் காத்தனர். தொட்டி நீரைத் திருத்தலாம். கடலைத் திருத்தச் சோடா ஏது?

மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளும் கார்பனேட்டால் கட்டப்பட்டவையே. அவை கரையை அலையினின்று காத்து, மீன்களுக்குப் புகலிடமும் தருகின்றன. ஆகவே இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஒரு பஞ்சாயத்தால் உலகின் புகையை நிறுத்த இயலாது என்பது உண்மையே. எனினும் பம்பு செட்டுகளைப் பழுதின்றி வைத்து எண்ணெயை மிச்சப்படுத்துவதும், சாண எரிவாயுக் கலங்களை அமைப்பதும், கடலோர ஊர்களில் அலையாத்திக் காடுகளைக் காப்பதும் நம் கையில் உள்ளவை. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் இவற்றுள் ஒன்றையேனும் எடுத்துப் பேசி, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்போமாக.