பட்டினி பொறுக்காத வயிறு

பாரிஸ் நகரத்துச் சந்தையிலிருந்து ஒருநாள் தமது ஆராய்ச்சிசாலைக்குக் கொண்டுவரப்பட்ட முயல்கள் மேஜைமீதே சிறுநீர் கழித்துவிட்டதையும், அந்த நீர் தாவரபட்சிணிகளுக்கு இயல்பான கலங்கிய காரநீராக இல்லாமல் தெளிந்தும் அமிலத்தன்மை கொண்டும் இருந்ததையும் கண்ட கிளாட் பெர்னார் என்னும் பிரெஞ்சு உடலியல் மேதை, வேறு எவரும் துடைத்துவிட்டுப் போயிருக்கக்கூடிய அந்த அற்ப சங்கதியில் ஒரு பெரிய உண்மை பதுங்கியிருப்பதை ஊகித்துவிட்டார். தெளிந்த அமில நீர் மாமிசபட்சிணிகளுக்கு உரியது. ஆகவே இந்த முயல்கள் நெடுநேரம் தீனி காணாமல் தம் சொந்த உடலையே ஆகாரமாகக் கொண்டு, ஒருவகையில் மாமிசபட்சிணிகளாகவே மாறியிருக்கவேண்டும் என்று அவர் கருதினார். புல் போட்டார், சில மணி நேரத்தில் நீர் கலங்கிக் காரமாயிற்று. பட்டினி போட்டார், மறுபடியும் தெளிந்து அமிலமாயிற்று. வேகவைத்த மாட்டிறைச்சியை ஊட்டிப் பார்த்தபோதும் அப்படியே. பரிசோதனை மருத்துவத்தைப் பற்றி 1865இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த விருத்தாந்தத்தை விஸ்தாரமாகக் காணலாம்.

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் உண்டு. ‘லங்கனம் பரம ஔஷதம்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; குழந்தைக்கு வயிறு சரியில்லையென்றால் ஒரு வேளை சோற்றை நிறுத்திக் கஞ்சித் தெளிவு கொடுப்போம்; மறுநாள் பசி தானே வந்துவிடும். மனித வயிற்றுக்கு ஒத்துவருகிற இந்தத் தயவு முயலுக்கு யமனாகிவிடுகிறது. அரை நாள் தீனி தொடாத முயல் அவசர சிகிச்சைக்குரிய நோயாளி என்றே கொள்ளவேண்டும். பட்டினியில் அதன் உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் போய்த் தேங்குகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. அந்த அமிலமே பசியை மேலும் அடக்கிவிடுகிறது. நன்றாகத் தின்று கொழுத்து, பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக உருண்டிருக்கும் முயல்தான் இந்த விஷயத்தில் முதலில் சாய்வது.

முயலின் ஜீரண அமைப்பே அலாதியானது. அதற்கு வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாயின் தசை அவ்வளவு இறுக்கம். ஆரோக்கியமான முயலின் இரைப்பை ஒருபோதும் காலியாயிருப்பதும் இல்லை. சிறுகுடல் முடிகிற இடத்தில், ஜீரண மண்டலக் கொள்ளளவில் சுமார் 40 சதவீதத்தை அடைத்துக்கொண்டிருக்கும் குருட்டுக்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து, தின்ற புல்லின் நுண்ணிய துகள்களைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. நுண்துகள்களைப் பின்னோக்கித் தள்ளிக் குருட்டுக்குடலுக்கு அனுப்புவதும், முரட்டு நாரை முன்னோக்கித் தள்ளி உலர்ந்த புழுக்கையாக வெளியேற்றுவதும் பெருங்குடலின் முற்பகுதி செய்கிற வேலை. புளித்துத் தயாரான சத்தோ, சளிப்படலம் போர்த்த மிருதுவான உருண்டைகளின் கொத்தாக வெளிப்படும்போது, முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே அதை வாங்கி விழுங்கிவிடும். புரதமும் பி வகை வைட்டமின்களும் அதற்கு இப்படி இரண்டாம் முறையாகச் சேருகின்றன. இதைப் பார்த்து அருவருத்து அடித்துத் திருத்த முயன்றவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பாவம், அந்த முயல்.

இத்தனை காரியமும் முரட்டு நாரின் உந்துதலால் நடப்பவை. நாரில்லாத் தீனியைத் தின்றாலும், உடலில் எங்கேனும் வலி இருந்தாலும், பயந்தாலும், தண்ணீர் குறைந்தாலும் குடலின் அசைவு தளர்கிறது. நாய் குரைத்ததும், வீடு மாறியதும், ஜோடி முயல் இறந்ததும்கூடக் காரணமாகலாம். குடல் தளர்ந்ததும் உள்ளேயிருக்கும் ஆகாரத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது. நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வாயு சேருகிறது. வாயு வலியைத் தருகிறது. வலி குடலை இன்னும் தளர்த்துகிறது. வெயிலும் ஒரு காரணம். வளர்ப்பு முயலின் மூதாதை ஐபீரியத் தீபகற்பத்தில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த பிராணி. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வளரும் முயல்களுக்குக் கிடைக்கிற குளிர், சென்னையின் மாடிக் குடியிருப்பில் சித்திரை மாதம் கூண்டிலிருக்கும் முயலுக்கு வாய்ப்பதில்லை.

நோயை முதலில் அறிவிப்பது புழுக்கை. கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாளைக் காலையில் எடுக்கும்போதே பார்த்துவிடலாம். நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவில், ஒரே சீராக, பழுப்பாக இருக்கும். விரலால் நசுக்கினால் புல்தூளாக உதிரும். அது சிறுத்து, கறுத்து, கோணலாகி, மயிரிழையால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தால் குடல் மந்தப்படுகிறது என்று பொருள். தாள் வெறுமையாக இருந்தால் தாமதிக்க நேரமில்லை. முயலோ மூலையில் கூனிக் குறுகி, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கும். இரையாகப் பிறந்த ஜீவன் ஆகையால் வலியை மறைப்பது அதன் சுபாவம். அது சப்தமிடும் என்று காத்திருப்பது வீண்.

இறந்த முயலின் இரைப்பையில் மயிர்ப்பந்தைக் கண்ட பழைய வைத்தியர்கள் அதுவே நோய்க்குக் காரணம் என்று நம்பி, அன்னாசிச் சாற்றைப் புகட்டச் சொன்னார்கள். முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது மயிர் உள்ளே போவது நித்திய வழக்கம். இயங்கும் குடல் அதைக் கழித்துவிடும். குடல் நின்றதால்தான் மயிர் தங்கி இறுகுகிறதே ஒழிய, பெரும்பாலும் மயிர் தங்கியதால் குடல் நிற்பதில்லை. அன்னாசிச் சாறு மயிரைக் கரைப்பதும் இல்லை. அதைவிட அபாயம் நம் வீட்டு விளக்கெண்ணெய். பேதி மருந்து எதையும் முயலுக்குக் கொடுக்கலாகாது.

சில சமயம் இறுகிய மயிர்க்கட்டி சிறுகுடலில் சிக்கி உண்மையாகவே அடைத்துக்கொள்வதும் உண்டு. மந்தம் படிப்படியாக வரும். அடைப்போ சில மணி நேரத்தில் வயிறு உப்பி முயலைச் சாய்த்துவிடும். குடலை முடுக்கும் மருந்தும் வற்புறுத்தி ஊட்டுவதும் மந்தத்துக்கு உதவினாலும் அடைப்பில் கெடுதல் செய்யக்கூடும் என்பதால், இரண்டையும் பிரித்தறிவது பிரதானம். எக்ஸ்ரே இதற்கு உதவும். ஃபிரான்செஸ் ஹார்கோர்ட்-பிரவுன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் 2012இல் எளிய வழி ஒன்றையும் எடுத்துக்காட்டினார்: ரத்தச் சர்க்கரையைச் சோதித்து, அது 100 மில்லிக்கு 360 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அடைப்பைச் சந்தேகிக்கவேண்டும். நீரிழிவுக்காரர் வீட்டிலிருக்கும் அதே கையடக்கக் கருவிகூட இதற்கு ஓரளவு உபயோகமாகும்.

அடைப்பில்லை என்று தெரிந்தபின் சிகிச்சை நேரானது: தோலுக்கடியிலோ நரம்பு வழியாகவோ திரவம், வலிக்கு மருந்து, உடலுக்குக் கதகதப்பு, பிறகு ஆகாரம். முயலுக்கு 101 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் இயல்பான உஷ்ணம். காய்ச்சலைவிடக் காது சில்லிட்டு உஷ்ணம் 100க்குக் கீழே இறங்குவதே கெட்ட அறிகுறி. ஊட்டும்போது துணியில் சுற்றி மடியில் நான்கு காலும் ஊன்றியபடி உட்காரவைத்து, உலர்புல் பொடியை வெந்நீரில் குழைத்து ஆறிய கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மல்லாத்திப் பிடித்தால் கூழ் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு வாய்க்கும் அது மெல்லுகிறதா என்று பார்த்துத்தான் அடுத்ததைத் தரலாம்.

வீட்டில் மீந்த அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. வாய்வழியே கொடுக்கும் அமாக்ஸிசிலின் முதலிய பென்சிலின் வகைகளும் கிளிண்டாமைசினும் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, நஞ்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் கிருமிக்கு இடம் ஒழித்துக்கொடுக்கின்றன. அப்படி வரும் கழிச்சலிலிருந்து மீளும் முயல் சொற்பம்.

தேறியபின் தீனியில் பெரும்பங்கு உலர்புல்லாகவே இருக்கட்டும்; அருகம்புல்லும் கீரையும் அதற்குத் துணை. கடையில் விற்கும் குச்சித் தீவனம் அளவோடு போதும். குதிரைமசால் குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மிகுதி. கேரட்டோ இனிப்புப் பண்டம். முயல் என்றாலே கேரட் என்ற எண்ணத்தை ஊரெங்கும் பரப்பியதில் பக்ஸ் பன்னி என்ற அமெரிக்கக் கார்ட்டூனுக்குப் பெரிய பங்குண்டு. பிஸ்கட்டும் சோறும் வாழைப்பழமும் கொடுத்துப் பழக்கியவர்கள், முயல் ஆசையாகத் தின்கிறதே என்கிறார்கள். ஆசையாகத்தான் தின்னும்.

மருத்துவர் முயலை வீட்டுக்கு அனுப்புவதற்குமுன் அதன் வாயை உள்வரை பார்க்கச் சொல்வது நல்லது. முயலுக்குப் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. வெட்டுப்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேயாவிட்டால் கடைவாய்ப் பற்களில் கூர்முனை எழும்பி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வலியில் முயல் புல்லை விட்டு மிருதுவான தீனியைத் தேடும். நார் குறைந்து குடல் மறுபடியும் மந்திக்கும். அந்தக் கூர்முனைகள் முன்வாயைத் திறந்துபார்த்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்குப் பொருத்திய குழல் கருவியாலோ மயக்க மருந்து கொடுத்தோதான் பார்க்க நேரும். அதைத் தேய்த்துச் சமன் செய்யாதவரையில் சிரிஞ்சும் கூழும் தற்காலிக நிவர்த்திதான்.