எலும்பினுள் மறைந்த நோயும் அணுமருத்துவமும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் நாற்று நடுவோரும் களை பறிப்போரும் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குதல் வழக்கம். அவருள் நீரிழிவுடையார்க்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடுமாயின், முள்ளோ நத்தை ஓடோ கிழித்த புண்ணும் தெரிவதில்லை. புண் ஆறாது ஆழ்ந்து செல்ல, கிருமிகள் எலும்பைச் சேர்கின்றன. தசையளவில் நின்ற புண்ணுக்கும் எலும்பைப் பற்றிய புண்ணுக்கும் மருத்துவம் வேறு. பின்னதற்குப் பல வாரம் மருந்து வேண்டும். காலந்தாழ்ப்பின் விரலையோ பாதத்தையோ இழக்கவும் நேரும். ஆதலின் எலும்பு பழுதுற்றதா என்பதை முன்னரே அறிதல் இன்றியமையாதது.

எக்ஸ் கதிர்ப் படம் எலும்பின் வடிவைக் காட்டும். ஆனால் சுண்ணச்சத்துப் பெரிதும் கரைந்த பின்னரே அதிற் குறை தோன்றும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும். அணுமருத்துவமோ எலும்பின் தொழிலைக் காட்டுகின்றது. நோயுற்ற எலும்பு தன்னைப் புதுக்கிக்கொள்ள முயலும்போது பாஸ்பேட்டை மிகுதியாக ஈர்க்கும். 1971-இல் அமெரிக்காவில் கோபால் சுப்பிரமணியனும் மக்காஃபியும், டெக்னீசியம்-99எம் என்னும் கதிர்வீசு பொருளைப் பாஸ்பேட்டுச் சேர்மத்துடன் இணைத்து எலும்பைப் படமெடுக்கும் முறையை வெளியிட்டனர். அப்பொருளின் கதிர்வீச்சு 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

இதனைக் கையின் இரத்தக்குழாயிற் செலுத்தி, காமாக் கதிர்களை உணரும் கருவியால் மும்முறை படமெடுப்பர். நம் நாட்டு உழவர்க்கு இதனை நாம் எளிதில் விளக்கலாம். முதற்படம் வாய்க்காலில் ஓடும் நீரை ஒக்கும். இரண்டாவது வயலில் தேங்கிய நீரை ஒக்கும். ஏறத்தாழ 3 மணி நேரங் கழித்தெடுக்கும் மூன்றாவது, நீர் வடிந்தபின் மண்ணிற் பிடித்து நின்ற ஈரத்தை ஒக்கும். தசையில் மட்டும் நோயிருப்பின் முதலிரு படங்களில் மிகுந்த ஒளி மூன்றாவதில் மங்கும். எலும்பில் நோயிருப்பின் மூன்றாவதிலும் எலும்பின்மேல் ஒளி குவிந்து நிற்கும்.

ஆயினும் ஒளி கண்டவிடமெல்லாம் கிருமி உண்டெனத் துணிதல் ஆகாது. எலும்பு முறிவும், அண்மையிற் செய்த அறுவையும், நீரிழிவாற் சிதைந்த மூட்டும் அவ்வாறே ஒளிரும். ஐயம் நேரின், நோயாளியின் குருதியிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, கதிர்வீசு பொருளை அவற்றில் ஏற்றி, மீண்டும் உடலிற் செலுத்துவர். அவை கிருமியுள்ள இடத்தை நாடிச் செல்லுமாதலின், நோயிடம் புலப்படும். காந்த அதிர்வுப் படமும், எலும்புத் துணுக்கெடுத்துச் சோதித்தலும் உடன் துணையாகும்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலிய பெரிய மருத்துவமனைகளில் அணுமருத்துவத்திற்கெனத் தனித்துறை உண்டு. எனினும் கருவி எத்துணை நுண்ணியதாயினும், நோயாளி வந்து சேர்ந்த பின்னரே அதற்கு வேலையுண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர், வயலினின்று கரையேறும் பெரியோரிடம், பாதத்தைக் கழுவி அடியையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்த்துக்கொள்ளுமாறு சொல்வாராக. பலர்க்குக் கால் தப்புவதற்கு அதுவே போதும்.