ஓடும்போது நிற்கும் எஞ்சின்

பழைய மோட்டார் வண்டிகளின் குறைகளுள் மிகுந்த தொல்லை தருவது, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென நின்று, அரைமணி கழித்து ஒன்றும் நேராததுபோல் மீண்டும் கிளம்புவதாகும். சந்தை நேரத்திற்குள் சரக்கைச் சேர்க்க வேண்டியவருக்கு இது நட்டம். ரயில்வே கேட்டின் நடுவே நின்றாலோ உயிருக்கே ஆபத்து. பட்டறைக்குக் கொண்டுசென்றால் வண்டி ஒழுங்காகவே ஓடுகிறது. பின்னர் ஊகத்தின்பேரில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றப்படுகிறது; செலவுதான் மிஞ்சுகிறது.

உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். கார்புரேட்டரும் பாயின்ட்டும் கொண்ட அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் நடுவழியில் நின்றால், பெரும்பாலும் தீப்பொறியோ பெட்ரோலோ தவறியிருக்கும். எது தவறியது என்பதை நின்ற அக்கணமே பார்த்தாக வேண்டும். சூடு ஆறினால் சான்றும் மறைந்துவிடும்.

நின்ற விதமும் ஓரளவு குறிப்புக் காட்டும். சாவியைத் திருப்பியதுபோல் சட்டென நின்றால் மின்பகுதியையும், திணறி வலுவிழந்து நின்றால் பெட்ரோலையும் ஐயுறலாம்.

வண்டியை ஓரங்கட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, முதலில் பொறியைச் சோதிக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றுமுன் இதனைச் செய்வதே முறை. பெட்ரோல் வாடை வீசினால் செய்யவே கூடாது. கையிருப்புப் பிளக் ஒன்றைப் பிளக் கம்பியில் மாட்டி, அதன் உடல் எஞ்சின் இரும்பில் நன்கு படும்படி வைத்துக் கையை விலக்கிக்கொள்ளவும். மற்றொருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றுகையில் நீலப்பொறி தொடர்ந்து பாய்ந்தால், பெட்ரோல் வழியை ஆராயலாம்.

பொறி இல்லையேல் காயிலைப் பார்க்க வேண்டும். சூடேறினால் அதனுள் சுற்றுக்கம்பியின் தொடர்பு அறும், ஆறியதும் கூடும். ஆகவே ஆறிய காயிலை அளந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று கூறுவதில் பயனில்லை. நல்லதென்று தெரிந்த வேறொன்றை மாட்டி ஓட்டிப் பார்ப்பதே வழி. கண்டன்சரும் இவ்வாறே ஏமாற்றும். பாயின்ட் இடைவெளி ஏறத்தாழ 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் கள்ளத்தனமானது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு கம்பி. பாயின்ட் தட்டு அசையுந்தோறும் அது மடங்கி நிமிர்வதால், மேலுறை முழுமையாயிருக்க, உள்ளிழைகள் அறுந்திருக்கும். தறியில் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும், இங்கே தெரியாது. சாவியை நிறுத்திவிட்டு மெல்ல இழுத்தால், உறை மட்டும் ரப்பர்போல் நீளும். மாற்றச் செலவு அற்பமே. பலர் இதனைக் கடைசியில்தான் பார்க்கின்றனர்.

பெட்ரோல் பக்கம் ஐயங்கள் குறைவு. டாங்கின் காற்றுவழி அடைபட்டிருப்பின், மூடியைத் திறந்தவுடன் உஸ்ஸென்று காற்று உட்புகும். எஞ்சினும் சிறிது நேரத்தில் கிளம்பும். டாங்கின் துரு, ஓடுகையில் குழாய் வாயை அடைத்து, நின்றதும் விழுந்துவிடுவதுண்டு. கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்பின்மீது ஈரத்துணி சுற்றியபின் கிளம்பினால் காரணம் அதுவே. டிஸ்ட்ரிபியூட்டரில் நீர் படலாகாது.

ஓர் உறுப்பை மட்டும் பழுது தெரியும்வரை காத்திராமல் மாற்றலாமென்பது எம் கருத்து. நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர் குழாய்கள் அக்கலவைக்கென அமைந்தவையல்ல. உப்பி, உட்புறம் உரிந்து, துகள்களால் வழியை அடைக்கும். கசிந்தால் தீப்பற்றவும் கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாயென்று கேட்டு வாங்கி, பம்பின் சவ்வையும் அவ்வகையிலேயே பொருத்தச் சொல்லவும்.