குளிர்காற்றுப் பொறியில் வாயுக்கசிவு

வீட்டுக் குளிர்காற்றுப் பொறிக்கு ஆண்டுதோறும் வாயு நிரப்பல் வேண்டும் என்பது பலரும் கொண்டுள்ள நம்பிக்கை. அது தவறாகும். பொறியிலுள்ள குளிரூட்டி எரிபொருளன்று, அது செலவாவதில்லை. அறையினுள்ளே ஆவியாகி வெப்பத்தை ஏற்றும், வெளியே ஒடுங்கித் திரவமாகி அவ்வெப்பத்தை விடுத்தும், மூடிய குழாய்களுள் அது சுழன்றுகொண்டேயிருக்கும். ஆதலின், அது குறைந்ததாயின் எங்கோ கசிவு உண்டென்பதே முடிபு.

குளிர்ச்சி குன்றுதல், உட்சுருளிற் பனி படிதல், குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்க்கறை தோன்றுதல் என்பன கசிவின் குறிகளாம். அமுக்கியின் எண்ணெய் குளிரூட்டியுடன் கலந்து சுழல்வதால், வாயு வெளியேறுமிடத்தில் அதுவும் கசியும். பனி படிதல் மட்டும் சான்றாகாது. தூசு அடைத்த வடிகட்டியும் அதனை விளைவிக்கும். ஆகவே, முதலில் வடிகட்டியைக் கழுவிப் பார்த்தல் நன்று.

கசியுமிடத்தைச் சவர்க்கார நுரை காட்டிக்கொடுக்கும். நுண்ணிய கசிவாயின், குளிரூட்டியை மீட்டெடுத்தபின் உலர்ந்த நைதரசனை அமுக்கத்துடன் செலுத்திச் சோதிப்பர். ஒட்சிசனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெயுடன் கூடி அது வெடிக்கக்கூடும். பழுதைச் செப்பனிட்டபின், வெற்றிடப் பம்பியாற் காற்றையும் ஈரத்தையும் அகற்றி, பொறியிற் குறித்துள்ள அளவு குளிரூட்டியைத் தராசில் நிறுத்து நிரப்பல் வேண்டும். இவையாவும் பயிற்சி பெற்றோர்க்கே உரிய பணிகள்.

இன்று பெரிதும் வழங்கும் ஆர்-32 என்னும் குளிரூட்டி ஓரளவு தீப்பற்றக்கூடியது. அன்றியும், நூறாண்டுக் கணக்கில், அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டிலும் ஏறக்குறைய 675 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. கசிவை அடைக்காது வாயு நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். அதனால் வரும் நட்டமோ நமக்கு மட்டும் உரியதன்று.