கல்யாணம் நவம்பரில், காதல் டிசம்பரில்
(‘தொடரும்’ போட்டவர்கள் – 9)

மணலி புதுநகரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் சாலையோர டீக்கடைக்குத்தான் யோகம். அங்கேதான் அந்தத் தம்பியைப் பிடித்தேன். கன்டெய்னர் யார்டில் டாலி பார்ப்பவன். நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு போனில் ‘நருட்டோ’ என்ற ஜப்பானிய காமிக்ஸை மறுபடி முதலிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் ஓகேண்ணா. அந்த ஹினாட்டாவ இன்னாத்துக்கு மப்ளர் பின்ன வுட்டாங்க?”

நியாயமான கேள்வி. வில்லன் பெய்ன், நாயகன் நருட்டோவைக் கறுப்புக் கம்பிகளால் தரையோடு அறைந்து வைத்திருக்கிறான். பெரிய தலைகளெல்லாம் விழுந்து கிடக்கும் நேரம். வாய் திறந்தாலே திக்கும் ஹினாட்டா தனியாக வந்து குறுக்கே நிற்கிறாள். தோற்போம் என்று தெரியும். சாவதற்குப் பயமில்லை, உன்மேல் ஆசை என்று சொல்லிவிட்டு மோதி விழுகிறாள். இது 437-வது அத்தியாயம்.

அதற்கு நருட்டோவின் பதில்? பிறகு போர்க்களத்தில் ஒருமுறை அவள் கையைப் பிடிக்கிறான், அவ்வளவுதான். 2014 நவம்பர் 10 அன்று 700-வது அத்தியாயத்தோடு தொடர் முடிகிறது. அதில் இருவருக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்! காதலித்த கதை ‘தி லாஸ்ட்’ என்ற படமாக டிசம்பர் 6-ல்தான் வந்தது.

அவசரத்தைக் கூட மன்னிக்கலாம். அந்தப் படம் பின்னால் போய்ப் பழைய பக்கங்களைத் திருத்துகிறதே, அதுதான் எனக்கு ஆகவில்லை. நருட்டோ முதலிலிருந்தே தன் அணித் தோழி சகுராவைச் சுற்றி வந்தவன். அது போட்டிக்காரன் சாஸ்கேயிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பு மட்டும்தான் என்று சகுராவின் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். அப்படியானால் இத்தனை வருடம் வாசகன் படித்தது என்ன? பெய்னுக்கு எதிரே நின்றவளோ சிவப்பு மப்ளர் பின்னிக்கொண்டு, வில்லன் ஏற்பாடு செய்த கல்யாணத்தில் மணப்பெண்ணாகி, மீட்க ஆள் வரும்வரை நிற்கிறாள்.

பிந்தி வந்த காதல் எல்லாமே பழுது என்றும் இல்லை. 1950-ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை எடுங்கள். வந்தியத்தேவன் ஆரம்பத்திலேயே கடம்பூர் மாளிகைக்குப் போய்விடுகிறான். அந்த மாளிகைப் பெண் மணிமேகலை கதையில் ஊன்றுவது வெகு பிற்பாடு. அதற்குள் அவன் மனசு குந்தவையிடம் போயாயிற்று. ஆனாலும் அவனைக் காப்பாற்ற, இளவரசன் கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று மணிமேகலை பழியை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறாளே! அந்தக் காதலால் யாருடைய பழைய அத்தியாயமும் பொய்யாகவில்லை. கடைசியில் அவன் மடியில் அவள் உயிர் போகிறது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு வாசகர்கள் விடவில்லை. எழுதிய கல்கி தனியாக முடிவுரை எழுத வேண்டியதாயிற்று.

இதைத் தம்பியிடம் சொன்னேன். “அப்போ அந்தப் பொண்ணுக்கு மப்ளர் இல்லியாண்ணா?” என்றான். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கிளாஸை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தள்ள ஆரம்பித்தான்.

(தொடரும்)