மெல்லிய டயருக்குப் பதிலாகத் தடித்த டயரா? காசு கொடுக்குமுன் கொஞ்சம் கவனியுங்கள்!



உங்கள் வீட்டு விறாந்தையில் பழைய ரேசிங் சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்கிறதா? வளைந்த ஹாண்டிலும் மெல்லிய டயரும் கொண்ட அந்தச் சைக்கிள் கார்ப்பெட் வீதியில் காற்றாய்ப் பறக்கும். ஆனால், அதைக் கல்முனைப் பக்கத்து மணல் ஒழுங்கையிலோ, திருக்கோவிலைத் தாண்டி வினாயகபுரத்துக் கடற்கரைப் பக்கமோ இறக்கிப் பாருங்கள். சில்லு மணலில் புதையும். கிறவல் பாதையில் கல் பட்டால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. அந்த ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. மோட்டார் சைக்கிள்கள் முடங்கின. மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் தூசு தட்டப்பட்டு வீதிக்கு வந்தன. புதுச் சைக்கிளின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போனது. இருப்பதைத் திருத்தி ஓட்டுவோம் என்ற எண்ணம் பல வீடுகளில் அப்போதுதான் வந்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் "உம்மா, தடிச்ச டயர் போட்டா எல்லாம் சரி, காசு தாங்க" என்று மகன் கேட்டதும் கொடுத்து விடலாமா?

தடித்த டயரால் என்ன நன்மை?

1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மிருக வைத்தியர் தம் மகனின் முச்சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றே காற்றடைத்த டயரைச் செய்தார். ஆக, குலுக்கத்தைத் தாங்குவதுதான் அதன் முதல் வேலை. டயர் தடித்தால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். காற்றழுத்தம் பாதியானால் டயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். பாரம் பரவுவதால் சில்லு அவ்வளவாகப் புதையாது. இடுப்புக்கும் முதுகுக்கும் சுகம்.

டயரின் பக்கத்தில் இருக்கும் எண்

டயரின் பக்கவாட்டில் 28-622 என்பது போல எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீற்றரில். அகலம் கொஞ்சம் கூடலாம், குறையலாம். இரண்டாவது எண் ரிம்முக்குரிய எண்ணாகவே இருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் "26 அங்குல டயர்" என்று மட்டும் கேட்டால் ஏமாற்றம் வரும். 26 x 1 3/8 என்பது 590. 26 x 1.75 என்பது 559. பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மில்லிமீற்றர்! பழைய டயரின் எண்ணைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பிரேமில் இடமிருக்கிறதா?

25 மில்லிமீற்றர் டயரைக் கழற்றி 32 போடுவதாக வைத்துக் கொள்வோம். இரு பக்கமும் மூன்றரை மில்லிமீற்றர் வீதம் கூடும். உயரமும் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் கூடும். முன்பக்கப் போர்க்கின் தலை, பின்சில்லின் இரு பக்கக் குழாய்கள், பிரேக்கின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும், புது டயர் ஏறிய பின்னும் 4 முதல் 6 மில்லிமீற்றர் இடைவெளி மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிறு கல் ஒட்டி வந்தாலே சில்லு இறுகும். முன்சில்லு இறுகினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். பெடலை மிதிக்கும் கால்விரல், திருப்பத்தில் முன்டயரில் முட்டுகிறதா என்றும் பாருங்கள்.

சில்லையே மாற்றினால்?

பழைய ரேசிங் சைக்கிள்கள் பலவற்றில் 27 அங்குலச் சில்லு; அதன் எண் 630. அதற்குப் பதிலாக 622 எண்ணுள்ள 700சி சில்லைப் போட்டால் ரிம் சுற்றிலும் 4 மில்லிமீற்றர் உள்ளே போகும். அவ்வளவு இடம் டயருக்குக் கிடைக்கும். ஆனால் பிரேக் கட்டைகளையும் அதே 4 மில்லிமீற்றர் கீழே இறக்க வேண்டும். கட்டை ரிம்மின் பக்கத்தில் முழுமையாகப் பதிய வேண்டும். டயரில் உரசினால் டயர் கிழியும்.

622ஐ எடுத்துவிட்டு 584 போடுவது வேறு கதை. கட்டை 19 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். சாதாரண ரேசிங் பிரேக்குக்கு அவ்வளவு தூரம் எட்டாது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியென்றால் இந்தச் சிக்கல் இல்லை.

அபாயாவும் பிள்ளையின் காலும்

சகோதரிகளே, இதுதான் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது. இடம் போதாவிட்டால் மட்கார்ட்டைக் கழற்றி எறிந்து விடுவது வழக்கம். பின்னால் உட்காரும் பெண்ணின் அபாயா ஓரமோ சேலைத் தலைப்போ நேரே கம்பிக்குள் போகும். கெரியரில் இருக்கும் குழந்தையின் குதிக்காலும் அப்படித்தான். சுழலும் கம்பிக்குள் சிக்கிய சின்னக் கால் தோலுரிந்து, எலும்பும் முறியலாம். மட்கார்ட்டும் பக்கத் தடுப்பும் பொருத்த முடியாத வண்டியில் பிள்ளையைப் பின்னால் ஏற்றாதீர்கள்.

ஆகவே, முதலில் அளவெடுங்கள். பிறகு டயர் வாங்குங்கள். மாட்டிய பின் சில்லைக் கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். டயரில் அச்சிட்ட அளவுக்கு மேல் காற்று அடிக்க விடாதீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே இரு பிரேக்கையும் பிடித்துச் சோதியுங்கள். பிரேமில் இடமே இல்லையென்றால், அந்த வண்டியைக் கொடுத்து அகலமான டயருள்ள சாதாரண சைக்கிள் ஒன்றை மாற்றிக் கொள்வதே புத்திசாலித்தனம். மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய் பிள்ளையின் எலும்பை விடப் பெரியதா என்ன?